மழையும் பறக்கும் கேமராவும்

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசியது)



தும்பி போலப் பறக்கும் ஒரு கருவியை இப்போது நாம் எல்லோரும் பார்க்கிறோம். கல்யாண வீட்டில் பந்தலுக்கு மேலே பறக்கிறது. திருவிழாவில் தேருக்கு மேலே பறக்கிறது. வயலில் மருந்து தெளிக்கிறது. அதன் பெயர் டிரோன். சிலர் ஹெலிகேம் என்றும் சொல்கிறார்கள்.

2020ஆம் ஆண்டு மத்திய அரசு 'ஸ்வாமித்வா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து வீட்டு மனைகளை டிரோன் மூலம் படம் பிடித்து அளப்பது அந்தத் திட்டம். 2023 நவம்பரில் 'டிரோன் தீதி' திட்டம் வந்தது. 'தீதி' என்றால் இந்தியில் அக்கா. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் கொடுக்க அதில் முடிவு செய்தார்கள்.

ஆகவே டிரோன் பட்டணத்துப் பணக்காரர்களின் பொருள் என்று இனிச் சொல்ல முடியாது. நம் தெருப் பிள்ளை கடன் வாங்கி ஒரு கேமரா டிரோன் வாங்குகிறான். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று படம் எடுக்கிறான். மாதா மாதம் தவணை கட்டுகிறான். கருவி கெட்டுப்போனால் வருமானம் நின்றுவிடும். தவணை நிற்குமா? நிற்காது.

அந்தக் கருவிக்குப் பெரிய பகை எது? தண்ணீர்.

நம் நாட்டில் மழைக்காலம் நீண்டது. சூன் மாதம் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, செப்டம்பர் வரை நாட்டின் பெரும்பகுதியில் பெய்கிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. வடமாநிலங்களில் டிசம்பர், சனவரி மாதங்களில் கடும் மூடுபனி. டிரோனை வைத்துப் பிழைப்பவர் என்றாவது ஒரு நாள் ஈரத்தைச் சந்தித்தே ஆகவேண்டும்.

இன்று மூன்று கேள்விகளைப் பற்றிப் பேசப் போகிறேன். மழையில் ஏன் பறக்கவிடக் கூடாது? பறக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? நனைந்த கருவியை எப்படிக் காப்பாற்றுவது?

தண்ணீர் என்ன செய்யும்?

டிரோனைத் திருப்பிப் பாருங்கள். அதன் உடம்பில் சிறு சிறு துவாரங்கள் இருக்கும். உள்ளே மின் பாகங்கள் சூடாகும். அந்தச் சூடு வெளியேறவே இந்தத் துவாரங்கள். சூடு வெளியேறும் வழியாகவே மழைத் தண்ணீரும் உள்ளே போகும். சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. அந்தக் காற்றோடு சாரலும் துவாரத்துக்குள் புகும்.

உள்ளே என்ன இருக்கிறது? பச்சை நிறத்தில் ஒரு பலகை. அதைப் போர்டு என்பார்கள். அதில் மயிரிழை போன்ற செம்புக் கோடுகள் ஓடும். மின்சாரம் அந்தக் கோடுகள் வழியே மட்டும்தான் போகவேண்டும். தண்ணீர் விழுந்தால் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே பாலம் போட்டதுபோல ஆகிவிடும். மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போகும். கருவி கருகும்.

மழைத் தண்ணீர் சுத்தமானதுதானே என்று கேட்கலாம். மழைத்துளி காற்றில் உள்ள தூசியையும் புகையையும் கரைத்துக்கொண்டு வருகிறது. போர்டின் மேல் இருக்கும் அழுக்கும் அதில் சேரும். அந்தத் தண்ணீரில் மின்சாரம் பாயும்.

இன்னொரு கேடும் உண்டு. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் என்ன ஆகும்? பச்சையாகக் களிம்பு ஏறும். போர்டில் உள்ள செம்பிலும் அதே களிம்பு ஏறும். பாத்திரத்தில் களிம்பு ஏறப் பல நாள் ஆகும். ஈரமான போர்டில் மின்சாரமும் ஓடினால், சில மணி நேரமே போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் களிம்பு மெதுவாகத்தான் ஏறும். நமக்குக் காலம் கிடைக்கும்.

இந்த ஒன்றை மட்டும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ஈரமும் மின்சாரமும் சேரக் கூடாது. நான் இனிச் சொல்லப் போவது எல்லாம் இதிலிருந்து பிறந்ததுதான்.

மழை என்றால் காற்றும் வரும். காற்றை எதிர்த்துப் பறக்க அதிக மின்சாரம் வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும். தடைகளைப் பார்க்கச் சில டிரோன்களில் கண் போன்ற கருவிகள் உண்டு. அந்தக் கண்ணில் நீர்த்துளி ஒட்டினால், எதிரே சுவர் இருப்பதாக நினைத்து நடுவானில் நின்றுவிடலாம். கீழே திருவிழாக் கூட்டம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கிலோ எடையுள்ள கருவி 100 அடி உயரத்திலிருந்து விழுந்தால், நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகத்தில் வந்து மோதும். குழந்தைகள் நிற்கும் இடம் அது. பொருள் நட்டத்தை உழைத்து ஈடுகட்டலாம். உயிரை எப்படி ஈடுகட்டுவது?

பெட்டியில் உள்ள எழுத்தைப் படியுங்கள்

"என் டிரோன் மழையைத் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார்" என்று ஓர் அண்ணன் சொன்னார். கடைக்காரர் வாயால் சொன்னதை விடுங்கள். பெட்டியிலும் கையேட்டிலும் என்ன எழுதியிருக்கிறது? நமக்கு இப்போது படிக்கத் தெரியும். படித்துப் பார்ப்போம்.

'ஐ.பி.' என்ற எழுத்தும், பக்கத்தில் இரண்டு எண்களும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண் தூசியைப் பற்றியது. இரண்டாவது எண் தண்ணீரைப் பற்றியது. இரண்டாவது எண் 3 என்றால் மேலிருந்தும் சாய்வாகவும் விழும் தூவலைத் தாங்கும். 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும்.

மருந்து தெளிக்கும் பெரிய டிரோன்களில் இந்த எண்ணைப் பார்க்கலாம். கல்யாணப் படம் எடுக்கும் சிறிய டிரோன்களில் பெரும்பாலானவற்றில் இந்த எண்ணே இருக்காது. எண் இல்லை என்றால் மழைக்கு ஏற்றதல்ல என்று பொருள். எண் இருந்தாலும், அது புதுக் கருவியைச் சோதித்துக் கொடுத்த எண். கீழே விழுந்து விரிசல் கண்ட கருவிக்கு அது பொருந்தாது.

உத்தரவாத அட்டையையும் படியுங்கள். தண்ணீரால் வந்த கெடுதலுக்குப் பல நிறுவனங்கள் பொறுப்பு ஏற்பதில்லை. சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சிறிய எழுத்துதான் பின்னால் பெரிய செலவு வைக்கும்.

மருந்து தெளிக்கும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. கருவி மழையைத் தாங்கினாலும் மழையில் தெளிக்காதீர்கள். தெளித்த மருந்து கழுவிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விடும். மருந்துச் செலவும் வீண், குளத்துத் தண்ணீரும் கெடும்.

பறக்கவிடும் முன்

கைபேசியில் வானிலைத் துறையின் 'மௌசம்' செயலி இருக்கிறது. காலையிலேயே பாருங்கள். எச்சரிக்கையை நிறத்தில் காட்டுவார்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்திருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே பாதுகாப்புத் தேடவேண்டும். இடி மின்னலுக்கு 'தாமினி' என்று தனியாக ஒரு செயலி உண்டு. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது.

கைபேசி இல்லாவிட்டால் காதே போதும். மின்னல் அடித்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. மின்னலுக்குப் பின் 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், இடி 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே டிரோனை இறக்குங்கள். நீங்களும் கட்டடத்துக்குள் போங்கள். வெட்டவெளியில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் முதல் ஆபத்து. மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம்.

மழை இல்லாத நாளிலும் ஈரம் உண்டு. அதிகாலைப் புல்லில் பனி இருக்கும். அதில் டிரோனை வைத்துக் கிளப்பினால், இறக்கைக் காற்று அந்தப் பனித்துளியை எல்லாம் மேலே அடிக்கும். ஒரு தார்ப்பாய் விரித்து அதன்மேல் வையுங்கள். மூடுபனிக்குள்ளும் விடாதீர்கள். மூடுபனி என்பது மிக நுண்ணிய நீர்த்துளிதான்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கும், பார்த்திருப்பீர்கள். குளிர்பதனக் காரிலிருந்து எடுத்த டிரோனும் புழுக்கமான வெளிக்காற்றில் அப்படியே வியர்க்கும். கேமராக் கண்ணாடியில் ஆவி படியும். உள்ளேயும் படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்திருங்கள். வெளிச்சூட்டுக்குப் பழகியபின் திறங்கள்.

பறக்கும்போது மழை வந்தால்

முதல் துளி விழுந்ததும் திரும்ப வேண்டும். "இன்னும் இரண்டே நிமிடம்" என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால், உயரத்தைக் குறைத்து, நேர் வழியில் நீங்களே கொண்டுவாருங்கள். 'வீட்டுக்குத் திரும்பு' என்ற பொத்தான் பல டிரோன்களில் உண்டு. அதை அழுத்தினால் கருவி முதலில் மேலே ஏறி, பிறகுதான் திரும்பும். மேலே காற்று அதிகமாக இருக்கும். ஆகவே டிரோன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மட்டும் அந்தப் பொத்தானை நம்புங்கள்.

கூட்டத்துக்கு மேலே கொண்டுவராதீர்கள். கையால் பிடிக்காதீர்கள். இறக்கை விரலை வெட்டிவிடும். உலர்ந்த, உறுதியான தரையில் இறக்குங்கள். தேங்கிய தண்ணீர்ப் பக்கம் வேண்டாம்.

நனைந்துவிட்டால்

இங்கேதான் பதற்றம் வரும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வரிசையாகச் செய்யுங்கள்.

1. இறக்கைகள் முழுவதும் நின்றபின் கருவியை அணையுங்கள். 

2. உங்கள் கையைத் துடையுங்கள். கருவியின் வெளிப்பக்கத்தையும் துண்டால் ஒற்றி எடுங்கள். பேட்டரி இருக்கும் பக்கத்தை நன்றாகத் துடையுங்கள்.

3. பேட்டரியைக் கழற்றுங்கள். இதுதான் முக்கியம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

4. படம் பதிந்த மெமரி கார்டை எடுத்துத் துடைத்துக் காயவையுங்கள். கல்யாண வீட்டாரின் படம் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

5. இறக்கைகளைக் கழற்றுங்கள். பேட்டரி இருந்த குழி கீழே பார்க்கும்படி கருவியைச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் தானாக வடியட்டும். உதறாதீர்கள். உதறினால் வெளியே நின்ற தண்ணீர் உள்ளே போகும். கேமராவைக் கையால் திருகாதீர்கள்.

6. நிழலில், மின்விசிறிக் காற்றில் சில மணி நேரம் வையுங்கள்.

7. பிறகு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். புதுச் செருப்பு, புதுப் பை வாங்கும்போது உள்ளே ஒரு சிறு பொட்டலம் வருமே, அதுதான். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஒரு டப்பாவுக்கு ஒன்றிரண்டு போதாது. கைநிறையப் போடுங்கள். அது தின்னும் பொருள் அல்ல. குழந்தைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. குறைந்தது இரண்டு முழு நாள் அப்படியே இருக்கட்டும். அடைமழைக் காலத்தில் மூன்று நாள். வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அவசரப்பட்டுப் பயனில்லை.

"அரிசிக்குள் புதைத்து வைத்தால் போதாதா?" என்று ஓர் அக்கா கேட்டார். பலரும் செய்கிறார்கள். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை. அரிசித் தூளும் தவிடும் துவாரம் வழியாக உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். நனைந்த கைபேசியை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. அரிசி உலைக்கு இருக்கட்டும்.

தலைமுடி உலர்த்தும் சூட்டுக் கருவி வேண்டாம். அது பிளாஸ்டிக்கை வளைக்கும். பசையை இளக்கும். தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். உச்சி வெயில் வேண்டாம். அடுப்பு மேடையும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. "ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், வேலை செய்கிறதா?" என்று கை துடிக்கும். போடாதீர்கள். நனைந்த நேரத்தில் பிழைத்திருந்த கருவி, போட்டுப் பார்த்த நேரத்தில் கருகிவிடும்.

கடல் தண்ணீரில் விழுந்தால் கதை வேறு. உப்பு மிகச் சீக்கிரம் அரிக்கும். பேட்டரியைக் கழற்றியபின், காய்ச்சி வடித்த நீரால் உப்பைக் கழுவ வேண்டும். வண்டி பேட்டரிக்கு ஊற்றும் நீர் என்று கடையில் கிடைக்கும். கழுவியதும் காத்திராமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். வயல் சேற்றில் விழுந்தாலும் பழுது பார்ப்பவரே நல்லது. மருந்து டிரோன் என்றால் கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள்.

பேட்டரி: தனிக் கவனம்

டிரோனில் இருப்பது லித்தியம் பேட்டரி. சிறிய உருவத்தில் அதிக சக்தி. கெட்டால் தீப்பிடிக்கும். சாரல் மட்டும் பட்டிருந்தால் துடைத்து, தனியாக நிழலில் காயவையுங்கள். தண்ணீரில் மூழ்கியிருந்தாலோ, வயிறு உப்பியது போல வீங்கியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். குத்தாதீர்கள், பிரிக்காதீர்கள்.

அப்படிப்பட்ட பேட்டரியை வீட்டுக்குள், படுக்கைப் பக்கம் வைக்கக் கூடாது. வெளியே, எரியும் பொருள் இல்லாத இடத்தில், மழை படாமல், மணல் நிரப்பிய மண்சட்டியில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் அது வெடிக்கலாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை அதைத் தயாரிப்பவர் மேல் வைக்கின்றன. வாங்கிய கடையில் கேளுங்கள்.

சார்ஜ் போடும்போது புகை வந்தால் கிட்டே போகாதீர்கள். அந்தப் புகை நஞ்சு. எட்ட இருந்தே மெயினை அணைக்க முடிந்தால் அணையுங்கள். எல்லோரையும் வெளியேற்றுங்கள். 112 அல்லது 101 எண்ணுக்கு அழையுங்கள். 

மறுபடி பறக்கும் முன்

மூன்று நாள் ஆயிற்று. கேமராக் கண்ணாடிக்குள் ஆவி தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் பொறுங்கள். பேட்டரி மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு தெரிந்தால் பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், இறக்கை மாட்டாமல், நனையாத பேட்டரியைப் போட்டு இயக்குங்கள். மோட்டாரில் கரகர சத்தம் வருகிறதா? கருகல் வாடை வருகிறதா? வந்தால் உடனே அணையுங்கள். இல்லாவிட்டால் இறக்கையை மாட்டி, ஆள் இல்லாத இடத்தில், முழங்கால் உயரத்தில் சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அன்றைக்கே கல்யாண வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

"இன்றைக்கு முடியாது" என்று சொல்லும் தைரியம்

கருவியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணம் கொடுத்தவர், "தூறல்தானே, பறக்க விடப்பா" என்பார். நாலு பேர் முன்னால் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்.

இதற்கு எழுத்துதான் துணை. முன்பணம் வாங்கும்போதே ரசீதில் ஒரு வரி எழுதுங்கள்: "மழை, பலத்த காற்று, இடி இருந்தால் டிரோன் பறக்காது. அதற்குப் பதில் கைக் கேமராவில் படம் எடுத்துத் தரப்படும்." இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு சண்டை வராது.

ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, எந்தப் பேட்டரி, எத்தனை நிமிடம் பறந்தது, நனைந்ததா, எத்தனை நாள் காயவைத்தோம் என்று எழுதுங்கள். பழுது பார்ப்பவருக்கு அந்த நோட்டு மருத்துவச் சீட்டு மாதிரி உதவும்.

டிரோன் இல்லாதவர்களுக்கும் இது பயன்படும். கைபேசி, டார்ச் விளக்கு, ரேடியோ எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான். நனைந்தால் அணையுங்கள். கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்றுங்கள். காயும்வரை சார்ஜ் போடாதீர்கள்.



கலந்து பேசுவோம்

1. நனைந்த டிரோனில் முதலில் எதைக் கழற்ற வேண்டும்? ஏன்?
2. உங்கள் வீட்டில் உள்ள கைபேசிப் பெட்டியில் 'ஐ.பி.' எண் இருக்கிறதா? தேடிப் படியுங்கள்.
3. வீங்கிய பேட்டரி கிடைத்தால் என்ன செய்வீர்கள்?
4. கல்யாண வீட்டாருக்குக் கொடுக்கும் ரசீதில் மழை பற்றி ஒரு வரி எழுதிப் பாருங்கள்.